ரத்தினபாய் போட்ட கோல்

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் டிரில் டீச்சர் ரத்தினபாய்க்கு, 1970-இல், ரேடியோவில் ஆட்டம் வர்ணிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. காரணம் அவள் தொண்டை. அவள் "அட்டென்ஷன்" என்றால் தெருவில் போகிற சைக்கிள்காரர்களும் இறங்கி நிமிர்ந்து நிற்பார்கள். அந்தத் தொண்டைக்காகவே சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தை வருஷாவருஷம் அவளிடம் விட்டிருந்தார்கள். சொத்தைக் கத்தரிக்காயைக்கூட, காணிக்கையாகக் கொடுத்தவரே ஆசைப்பட்டுத் திரும்ப வாங்கும்படி கூவி விற்பாள்.

வானொலி நிலையத்துக்கு ஓயாமல் எழுதினாள். கடைசியில் ஓர் அதிகாரி டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவள் இருக்கும் சிட்லபாக்கத்துக்கே வந்துவிட்டார். அன்று ஏரியோர மைதானத்தில் சிட்லபாக்கத்துக்கும் குரோம்பேட்டைக்கும் கால்பந்து.

"இது ஒண்ணுதாம்மா சான்ஸ். நல்லா வந்தா ரேடியோல பேசலாம். இல்லேன்னா தயவுசெஞ்சு இனிமே எழுதாதீங்க."

மைக் செட் லோகு தன் பங்குக்கு, அவள் பேசுவது மைதானம் முழுக்கக் கேட்கும்படி தென்னை மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினான். "அக்கா பேசறத நாலு பேரு கேக்கலன்னா இன்னா பிரயோஜனம் சார்?"

வர்ணனை பிரமாதமாகப் போயிற்று. அதிகாரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடியப்போகிற நேரம், இரு பக்கமும் கோல் இல்லை. குரோம்பேட்டைக்காரன் ஒருவன் பந்தோடு சிட்லபாக்கம் கோல் வரை வந்துவிட்டு, உதைக்காமல் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். சொல்வதற்கு ஒன்றுமில்லை. ரத்தினபாயின் வாய் பழகிய வழியில் போய்விட்டது.

"உதைக்கப் போகிறார்... ஒரு தரம்... இன்னும் உதைக்கவில்லை... இரண்டு தரம்..."

சிட்லபாக்கம் கோல்கீப்பர் சுந்தர்சிங்கும் அதே சர்ச்தான். ஏலத்தில் பலாப்பழத்தை வருஷம் தவறாமல் கோட்டை விடுபவன். காதில் விழுந்ததும் ஒரு கையை உயர்த்தியபடி ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். பந்து அவன் காலிடுக்கில் புகுந்து வலைக்குப் போயிற்று.

"மூன்று தரம்" என்று முடித்தாள் ரத்தினபாய். அவளால் நிறுத்த முடியவில்லை.

சிட்லபாக்கம் டீம் மொத்தமும் அவள் மேஜையைச் சூழ்ந்துகொண்டது.

"ரெண்டு தரம்னா கை தானா போவுதுக்கா. நான் இன்னா பண்றது?" என்றான் சுந்தர்சிங்.

"எதைடா கேக்கப் போனே?"

"தெர்லக்கா. எதுவா இருந்தாலும் இந்த வாட்டி வுடக்கூடாதுன்னு."

வர்ணனையாளர் கோல் போட்டால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லாததால் ரெஃபரி கோலைக் கொடுத்துவிட்டார்.

ரத்தினபாய் மெதுவாக அதிகாரியைப் பார்த்தாள். "போச்சா சார்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேப்பைப் பின்னால் ஓட்டி அந்த இடத்தை மறுபடி கேட்டார். மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டத்தைச் சொல்லணும்மா, ஆடக் கூடாது. அடுத்த மாசம் மெட்ராஸ்ல ஹாக்கி இருக்கு. கண்ணாடி ரூம், வெளியே கேக்காது. வந்துடுங்க."

ரத்தினபாய் சந்தோஷத்தில் மேஜையை ஒரு தட்டுத் தட்டினாள். உடனே கேட்டாள்: "எந்த டீம் சார்?"

"மைசூரும் பெங்காலும்."

"அதுல எங்க சபை ஆளுங்க யாரும் இல்லையே?"

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் ரயிலைப் பிடிக்கப் போனார்.