நாற்பது பேருக்கும் போனதாகச் சொன்ன பெட்டி

கல்யாணசுந்தரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. தாபோடியில் வீடு, எங்கள் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை. இருபது வருடமாக மோடத்துக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறார். சீரியல் ஒயர் வழியாக ஒரு வரி போகும். மோடம் ‘ஓகே’ என்றோ ‘எரர்’ என்றோ பதில் சொல்லும். மனிதர்களிடம் அவர் பேசுவது அதைவிடக் குறைவு.

தாபோடிக்கு எதிர்க்கரையில் உள்ள போபோடிப் பாலத்தடியில், மோடம் வைத்து அவர் செய்த பெட்டி ஒன்று இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையோர வீடுகள் நாற்பதுக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். போன ஜூலை வெள்ளத்தில் மூன்று வீட்டுக்குத்தான் வந்தது. பெட்டியின் பதிவிலோ நாற்பதும் ‘அனுப்பப்பட்டது’. எங்கள் முதலாளி அதை அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்து, ஃபோனைப் பார்க்காதது உங்கள் தப்பு என்று கைகழுவிவிட்டார்.

தப்பு எங்கே என்று ஒரே வாரத்தில் கல்யாணசுந்தரம் கண்டுபிடித்தார். மோடத்தின் பதிலைப் படிக்காமலே ‘அனுப்பப்பட்டது’ என்று பதிந்து, ஐந்து விநாடி விட்டு அடுத்த கட்டளையைத் தள்ளும்படி எழுதியிருந்தார். அடைமழையில் நெட்வொர்க் திணறியது. முந்தைய செய்தி முடியாததால் மோடம் ‘எரர்’, ‘எரர்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கேட்க ஆளில்லை. சத்தமில்லாமல் திருத்தினார். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் வேலை முக்கியம், வாயை மூடிக்கொண்டோம். வெட்கம்தான்.

இந்த ஜூனில் பட்டியலிலுள்ள ஃபோன் எண்களைச் சரிபார்க்க அவரும் நானும் போபோடிச் சந்துகளில் அலைந்தோம். கால் கடுத்தது. தையல்கடை ராஜஸ்ரீ பட்டியலைப் பார்த்ததும், “அந்த நம்பர பட்டியல்லருந்து அடிச்சிருங்க சார், அது எம் பொண்ணு ப்ரீத்தியோடது. மெசேஜ் வந்தும் சொல்லாம இருந்துட்டா. நாலு மெஷினும் வெள்ளத்துப் பாணியில முழுகிப் போச்சு. எம்மேல சத்தியம் பண்ணி வரவேயில்லன்னு அழுதா. நான் உங்க கம்பெனி குடுத்த காகிதத்தக் காட்டி அறைஞ்சேன். நாசிக் ஹாஸ்டலுக்குப் போனவ ஒரு வருஷமா வரல” என்றார்.

கல்யாணசுந்தரம் பேனாவை மூடினார்.

“அந்தப் பொண்ணு சொன்னது நெஜந்தாம்மா. மெசேஜ் போகவேயில்ல. தப்பு என்னோடது.”

ராஜஸ்ரீ கத்துவார் என்று நினைத்தேன். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, “என் ஃபோன அவ எடுக்க மாட்டா. உங்க ஃபோன்லருந்து போடுங்க. நீங்களே சொல்லுங்க” என்றார்.

கல்யாணசுந்தரம் பட்டியலைப் பார்த்து எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார்.

“ஹலோ, கோன்?” யார் என்று மராத்தியில் கேட்டது ஒரு பெண்குரல்.

“ப்ரீத்தி, நான் கல்யாணசுந்தரம். ஆத்துப் பெட்டிய செஞ்சவன். போன வருஷ வெள்ளத்துல உனக்கு அந்த மெசேஜ் வரவேயில்ல. எனக்கு அப்பவே தெரியும். ஒரு வருஷமா நான் சொல்லல. உங்க அம்மா பக்கத்துலதான் இருக்காங்க.”

திட்டட்டும் என்று அவர் தலைகுனிந்து நின்றார்.

“அம்மா அழுவுதா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.