பெயிண்ட்டுக்குள் புதைந்த நம்பர்: ஒரு டிராக்டர் பம்ப்புக்காகக் கல்வராயன் மலை ஏறினோம்

பழைய டிராக்டருக்கு ஸ்பேர் தேடிக் கடை கடையாக அலைகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். அருவி பார்க்கப் போகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படியுங்கள். நாங்கள் அருவிப் பக்கமே தலைவைக்கவில்லை.

புரட்டாசி கடைசி. களமருதூரில் எங்கள் பள்ளத்து வயலுக்கு விட்ட நாற்று நடவுக்குத் தயார். புதன்கிழமை காலை சேறு ஓட்டும்போது, டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கலக்குகிற ரோட்டவேட்டர் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டது. லிஃப்ட் தூக்கவே இல்லை. மெக்கானிக் வந்து, லிஃப்ட்டைத் தூக்குகிற ஹைட்ராலிக் பம்ப்பைக் கழற்றி, தேய்ந்துபோச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கையில் கொடுத்துவிட்டார். வாடகைக்கு வண்டி பிடிக்க வேண்டியதுதானே என்பீர்கள். போன வருஷம் பிடித்தோம். இப்போது வருகிற பெரிய வண்டி அந்த இரண்டு ஏக்கரில் அச்சு வரைக்கும் புதைந்தது. அதை இழுக்க வந்த வண்டியும் புதைந்தது. ஊரே வேடிக்கை பார்த்தது. எடை குறைந்த எங்கள் பழைய வண்டி மட்டும்தான் அங்கே இறங்கி ஏறும். ஒரு வாரம் தள்ளினால் நாற்று முற்றிவிடும், அப்புறம் நட்டும் பிரயோஜனமில்லை.

எங்கள் வூட்டுக்காரருக்கு ஒரே பாட்டு: "எடைக்குப் போட்டுடலாம்." எனக்கு வந்ததே கோபம். "நாத்தையும் எடைக்குப் போட்டுடுவீங்களா?" என்றேன். மறுநாள் மனுஷன் பைக்கை எடுத்தார்.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பம்ப்பை உரச் சாக்கில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். எலவனாசூர்கோட்டையில் இட்லி. இரண்டு பேருக்கும் எண்பது ரூபாய், சாம்பார் நன்றாக இருந்தது. கள்ளக்குறிச்சியில் ஸ்பேர் கடைகள் ஒன்பதரைக்கு மேல்தான் திறக்கிறார்கள், அதற்கு முன்னால் போய் வெயிலில் நிற்காதீர்கள்.

கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது, பம்பா, கோயில் தேரா?"

எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, மீந்ததை டிராக்டருக்கு அடிப்பது வழக்கம். மாட்டை விற்ற பிறகும் பெயிண்ட் மட்டும் நிற்கவில்லை. எங்கள் வூட்டுக்காரர் அந்த வேலையில் இறங்கினால் சந்து பொந்து விடமாட்டார். சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு என்று பம்ப்பில் அடை அடையாக ஏறியிருந்தது.

"நம்பர் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். நம்பர் எங்கே இருக்கிறது? பெயிண்ட்டுக்குள். வண்டி பெயரைச் சொன்னதும் புதுப் பம்ப் ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், போல்ட் ஓட்டை ஒத்துப்போகவில்லை. "அரத்தால கொஞ்சம் ராவுனா சேந்துக்கும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தொண்ணூறு ரூபாய்க்குத் தின்னரும் நாற்பது ரூபாய்க்குக் கம்பி பிரஷ்ஷும் வாங்கி, கடைப் படியிலேயே உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தேன். போகிற வருகிற ஆள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

முக்கால் மணி நேரம் கழித்து நம்பர் வந்தது. கடைக்காரர் கண்ணாடி போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது மொத மொத வந்த வண்டியோடது. அப்புறம் டிசைனே மாறிப்போச்சு. எங்க தேடினாலும் கெடைக்காதும்மா."

"யாருகிட்டயும் இந்த வண்டி இல்லையா?" என்று நான் நகராமல் நின்றேன். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் பலன் கிடைத்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் பொன்னுசாமி என்று ஒருவர், இதே காலத்து வண்டியைச் சாமை அரைக்கிற மில்லுக்கு வைத்திருக்கிறாராம். மில்லுக்குப் பெல்ட் இந்தக் கடையில்தான் வாங்குவாராம்.

கச்சிராயபாளையம் வழியாக ஏறினோம். கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பெட்ரோல் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் முந்நூறு ரூபாய்க்குப் போட்டோம். சோதனைச் சாவடியில் சாக்கைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். மலையில் சாக்கு என்றாலே சாராயச் சமாச்சாரமோ என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். ஒரு காவலர் குனிந்து மோந்து பார்த்து, ஆயில் நாற்றத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "போங்க, போங்க" என்றார். வளைவு ஏற ஏறச் சில்லென்று காற்று. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பாறை. நானோ புடவையெல்லாம் ஆயிலாகி உட்கார்ந்திருக்கிறேன்.

பொன்னுசாமியின் வண்டிக்குப் பின் சக்கரமே இல்லை. கல் அடுக்கி அதன்மேல் நிற்க வைத்து, என்ஜினிலிருந்து பெல்ட் போட்டு மில்லை ஓட்டுகிறார். சாமை மூட்டையோடு ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். பெயிண்ட் கண்ட வண்டியே இல்லை அது. பம்ப் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதே நம்பர்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவர் தரமாட்டேன் என்றார். "ஓடற வண்டிய பிரிக்கச் சொல்றீங்க. நாளைக்கு ஓடலன்னா இவங்க சாமைய நான் வாயால ஊதியா தருவேன்?"

"நீங்க லிஃப்ட்ட தூக்கறதே இல்லையே. பம்ப எடுத்துட்டு அந்த ஓட்டைக்கு ஒரு தகடு வச்சி மூடினா போதும்" என்றேன்.

"மூடலாம். அதுக்கு என்ஜின நிறுத்தணுமே. ஸ்டார்ட் பண்ற செல்ப் மோட்டார் எரிஞ்சி ஒரு வருஷமாச்சு. நிறுத்துனா கயிறு சுத்தி அஞ்சாறு பேர் இழுத்தாத்தான் திரும்ப ஓடும்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கல்மேல் நிற்கிற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. எங்கள் வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது, செல்ப் இல்லாவிட்டாலும் தள்ளிக்கொள்ளலாம். அந்தச் செல்ப்பும் எந்தக் கடையிலும் வருவதில்லை. எங்களுடையது போன தீபாவளிக்கு ஆத்தூரில், பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தது.

"எங்க செல்ப்ப எடுத்துக்குங்க. பம்ப குடுங்க."

எங்கள் வூட்டுக்காரர் பதறிப்போனார். "ஏய், அப்ப நம்ம வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்றது?"

"நீங்க எதுக்கு இருக்கீங்க? தள்ளுங்க."

மூட்டையோடு நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் பொன்னுசாமியும் சிரித்துவிட்டார். ஆனாலும் செல்ப் கைக்கு வந்தால்தான் பம்ப் என்றார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்கே இறங்கி, வெள்ளிக்கிழமை செல்ப்பைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினோம். அதே காவலர், அதே சாக்கு. "இன்னிக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டுப் பிரிக்காமலே அனுப்பினார். மதியத்துக்குள் மாற்றிக்கொண்டு திரும்பினோம்.

சனிக்கிழமை பம்ப்பை மாட்டியாயிற்று. நடவுக்கு வந்த பெண்களே இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, களத்து மேட்டிலிருந்து வண்டியைத் தள்ளினார்கள். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. லிவரை இழுத்தேன். ரோட்டவேட்டர் மேலே ஏறியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஏக்கரும் நட்டு முடித்தோம்.

போகிறவர்களுக்கு: பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வண்டி பெயரை நம்பாதீர்கள், பாகத்தின் மேல் இருக்கிற நம்பரை நம்புங்கள். கடைக்காரர் ராவினால் சேரும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பெயிண்ட் அடிக்கிறவர்கள் நம்பர் மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். இதை எங்கள் வூட்டில் ஒருவருக்குச் சத்தமாகவே சொல்லியாயிற்று.

நேற்றுக் காலை பொன்னுசாமி போன் பண்ணினார். "கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என்ஜின் பக்கத்தில் பிடித்தார். ஒரே தட்டு, என்ஜின் பிடித்துக்கொண்டது. எங்கள் செல்ப். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம். பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எங்கள் வண்டியைத் தள்ள ஆள் கூப்பிடப் போனேன்.