ரோடு ஓயட்டும் என்று நின்றவர்

கண்ணுகளா, நாங்கள் செய்த ஸ்பார்க் பிளக் ஒயரை மாட்டிய கார், ரேடியோவில் எவ்வளவு இரைச்சல் கிளப்புகிறது என்று அளந்து சான்று தர ஒரு அதிகாரி துடியலூரில் எங்கள் பட்டறைக்கு வந்தார். அன்றைக்குள் சான்று வாங்காவிட்டால் எங்களுக்கு வந்த ஆர்டர் கைவிட்டுப் போய்விடும்.

ஒல்லியான மனிதர், வழுக்கையில் வேர்வை. ஆன்டெனாவை நட்டதும் காரை அணைக்கச் சொன்னார். கார் ஓடாதபோது காற்றில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்றுதான் முதலில் அளப்பாராம். ரோட்டில் பைக் போனால்கூட அதன் இஞ்சின் பொறிக்கு மீட்டர் துள்ளியது. பொழுது சாயும்வரை நின்றோம், ரோடு ஓயவில்லை.

"ஏனுங்க, உத்தேசமா ஒண்ணு எழுதிப்போடுங்க," என்று கெஞ்சினேன்.

"எது உங்க காரு, எது ரோடுன்னு எனக்கே தெரியலீங்களே. என்னன்னுங்க எழுதறது?"

எழுதாத தாளை என் கையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆர்டரும் போயிற்று. ஆனாலும், தெரியாததை எழுத மாட்டேன் என்ற அந்த மனிதரைத் திட்ட இன்றுவரை எனக்கு மனசு வரவில்லை.