மஹதிக்கு ஒரு சொல்

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சங்கம் வரன் பதிவேடு நடத்தியது. இலவச சேவை. சனி, ஞாயிறு மட்டும். ஜெயலக்ஷ்மி அந்த மேஜையில் பதினொரு வருஷம் உட்கார்ந்தாள். வீட்டில் அவள் சாய்சரணின் அம்மா, மாடி வீட்டு மாமி. மேஜையில் மட்டும்தான் ஜெயலக்ஷ்மி.

பெண்ணைப் பற்றி எழுத நான்கு வரி இடம். பெற்றோர் சொன்னதை எழுதினாள்: அடக்கமானவள், குடும்பப்பாங்கு, மாநிறம், பாட்டு தெரியும். பதிவேட்டில் நூற்று நாற்பது பெண்கள். படித்துப் பார்த்தால் ஒரே பெண்.

1993 தை மாதம் வினை வந்தது. எண் 87 கேட்ட மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜெயலக்ஷ்மி 78-இன் விலாசத்தைக் கொடுத்துவிட்டாள். தி. நகர் மாளவிகாவைப் பார்க்க வேண்டியவர்கள் ராஜா அண்ணாமலைபுரத்தில் மஹதி வீட்டில் போய் இறங்கினார்கள். கேசரி, பஜ்ஜி, மஹதியின் பாட்டு எல்லாம் முடிந்து, "பூர நட்சத்திரம்தானே?" என்று பிள்ளையின் அப்பா கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. மஹதிக்குக் கேட்டை நட்சத்திரம்.

பிள்ளையின் அம்மா கோபிக்கவில்லை. "பரவாயில்லை, இவளும் அதே மாதிரிதானே இருக்கா" என்றாள்.

மஹதிக்கு இருபத்தெட்டு வயது. அடையாற்றில் வங்கி வேலை. சங்கத்துச் செயலாளர் அம்பியின் ஒரே பெண். அடுத்த ஞாயிறு மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, என் தாளைக் குடுங்கோ."

"மன்னிச்சுக்கோடி. ஏழும் எட்டும் இடம் மாறிடுத்து."

"நம்பரை விடுங்கோ. இதைப் படிச்சா நான்தான்னு யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியலையே."

ஜெயலக்ஷ்மிக்குச் சுருக்கென்றது. பொறியியல் படிக்கும் சாய்சரணும் முதல் நாள் அதைத்தான் சொல்லியிருந்தான்: இரண்டு பேரைப் பிரித்துக் காட்டாத தகவல், தகவலே இல்லை. நான்கு வரியையும் அடித்தாள்.

"ஒரே சொல். உன்னை மட்டும் காட்டணும். பிடிவாதம்னு போடட்டுமா?"

"அது அப்பா."

"தன்போக்கு?"

"அது எங்காத்துப் பூனை."

"அகராதி பிடிச்சவ?"

"அது நீங்க, மாமி."

ஜெயலக்ஷ்மி சிரித்த சிரிப்பில் மைப்புட்டி ஆடியது. கடைசியில் மஹதியே சொன்னாள். ஜெயலக்ஷ்மி எழுதினாள்: 'வாதாடுவாள்.'

சனிக்கிழமை அம்பி வந்து தாளைப் பார்த்தார்.

"பொண்ணைக் கரையேத்தச் சொன்னா கோர்ட்டுக்கு அனுப்பறேளே!"

"பொய்யா எழுதியிருக்கேன், சொல்லுங்கோ?"

அம்பி அன்று காலையில்தான் காபிக்குச் சிக்கரி கலப்பது பற்றி மஹதியிடம் தோற்றிருந்தார்.

"பங்குனி முடியறதுக்குள்ள ஒரு கடுதாசி வரணும். வரலேன்னா பதிவேட்டை என்கிட்ட குடுத்துட்டு ஆத்துல இருங்கோ."

மாசி போனது. ஒன்றும் வரவில்லை. ஜெயலக்ஷ்மி தபால்காரரை வாசலிலேயே மறித்தாள். பங்குனி மூன்றாம் வாரம் ஒரு கார்டு வந்தது. ஜெயராம், அடையாறு. ஜாதகம் இல்லை, சம்பளம் இல்லை. ஒரே கேள்வி: 'எதைப் பற்றி?'

'நேரில் வந்து கேட்கவும்' என்று அன்றே பதில் போட்டாள். இந்த முறை விலாசத்தை மூன்று தடவை சரிபார்த்தாள்.

ஞாயிறு அவன் போனான். திங்கட்கிழமை விடிந்ததும் அம்பி ஜெயலக்ஷ்மி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கேசரியைத் தொடவே இல்லை மாமி. ரங்கநாதன் தெருவுல நடக்கற மனுஷாளுக்கு ஒன்வே வைக்கலாமா கூடாதான்னு மூணரை மணி நேரம்! வைக்கலாம்கறா இவ. கூடாதுங்கறான் அவன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தீரலையாம். மிச்சத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை வரானாம்."

பதிவேட்டைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. செருப்பை மாட்டியவர் திரும்பினார்.

"மாமி, என்னை எழுதணும்னா ஒரே சொல்லுல என்ன எழுதுவேள்?"

ஜெயலக்ஷ்மி ஒரு துண்டுத் தாளில் எழுதினாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கல்யாணம் ஆகட்டும், காட்டறேன்."

ஆவணியில் மஹதிக்கும் ஜெயராமுக்கும் கல்யாணம் ஆனது. காட்டவில்லை. அம்பி ஐந்து வருஷம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. 1998 ஐப்பசியில் ஜெயலக்ஷ்மி சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். பத்தாம் நாள் சாய்சரண் அவள் புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தான். அம்பி பக்கத்தில் நின்று மடித்துக்கொடுத்தார். துண்டுத் தாள் கிடைக்கவில்லை.