யானைச் சீட்டில் ஒரு கழுதைக்காரி

வயோமிங்கில் எங்கள் பிட்டர்வெல் மாவட்டத்தில் மனிதர்களைவிட மான்கள் அதிகம். மான்களுக்கு ஓட்டு இருந்தால் அவையும் யானைச் சின்னக் கட்சிக்குத்தான் போடும். ஷெரிஃப் தொடங்கிப் பிணப் பரிசோதனை அதிகாரி வரைக்கும் எல்லா நாற்காலியும் யானைக்கு. இப்பேர்ப்பட்ட ஊரில் பதினாறு வருடமாகக் கழுதைச் சின்னக் கட்சியின் மாவட்டத் தலைவியாகக் காலம் தள்ளியவள் ரோவீனா ஸ்டக்கி. வயது அறுபத்திரண்டு, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். தலைவரைத் தேர்வு செய்வதற்காகக் கூடிய கூட்டத்துக்கு அவள் காய்ச்சலால் போகவில்லை, மறுக்க ஆளில்லாததால் அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

கட்சிக் கூட்டம் மாதம் ஒருமுறை லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும். கதவில் 'போர்வை தைப்போர் குழு' என்று அட்டை தொங்கும், யாராவது பார்த்துவிட்டால் வியாபாரம் கெட்டுவிடுமே என்ற பயம். வருகிறவர்கள் பதினொரு பேர். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு, அதில் ஆறு பேர் மக்ரோனி கொண்டுவருவார்கள். உலகத்தின் எந்த மூலையில் அநியாயம் நடந்தாலும் முக்கால் மணி நேரம் விவாதித்துத் தீர்மானம் போடுவார்கள். சொந்த வீட்டு முன்னால் ஒரு பிரசாரப் பலகை நடச் சொன்னால் மட்டும் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், இன்னொருவருக்கு மாமியார் வந்துவிடுவாள். அந்தக் கூட்டத்துக்கும் வரப் பயந்துகொண்டு, மளிகைக் கடையில் ரோவீனாவைப் பார்த்தால் கண்ணடித்துவிட்டுப் போகிற அனுதாபிகள் இன்னும் ஒரு முப்பது பேர்.

இந்தக் கும்பலுக்கு ரோவீனா கற்றுக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு. நவம்பர் தேர்தல் எங்கள் ஊரில் வெறும் சடங்கு. உண்மையான சண்டை ஆகஸ்டில், யானைக் கட்சி தன் வேட்பாளரைப் பொறுக்குகிற உள்தேர்தலில்தான். எந்தக் கட்சியில் பெயர் பதிந்திருக்கிறதோ அந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டுத்தான் கையில் கிடைக்கும். அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் ரோவீனா எல்லோருக்கும் கடிதம் போடுவாள்: உடனே போய் யானை என்று பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், இருக்கிற யானைகளில் கொஞ்சம் சாதுவானதற்கு ஓட்டுப் போடுங்கள், செப்டம்பரில் திரும்பி வந்துவிடுங்கள். தலைவி என்பதால் அவள் மட்டும் மாற முடியாது. மற்றவர்கள் ஏதோ எதிரி நாட்டுக்குள் புகுந்த உளவாளிகள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் மாறுவார்கள். பதினாறு வருடத்தில் அதனால் விளைந்த நன்மை, ஒரு முரட்டுப் பிணப் பரிசோதனை அதிகாரி ஆறு ஓட்டில் தோற்றது.

போன பிப்ரவரியில் ரோவீனாவின் புருஷன் மெர்ல் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மாவட்ட ஆம்புலன்ஸ் பத்தொன்பது நிமிடத்தில் வந்தது. ஆஸ்பத்திரி எண்பது மைல். வண்டியில் இருந்த பெண் வழியெல்லாம் அவன் மார்பை அழுத்திக்கொண்டே போனதால் மெர்ல் இன்றைக்கும் உட்கார்ந்து வம்பு பேசுகிறான். அந்த ஆம்புலன்ஸைத்தான் செலவு என்று நிறுத்தப் பார்த்தார்கள். மாவட்ட வாரியத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் நிறுத்து என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது கிழவர் ஓய்வு பெறுகிறார், அவர் இடத்துக்கு வருகிறவர் ஜனவரியில் கை தூக்குவதைப் பொறுத்து வண்டி ஓடும் அல்லது நிற்கும். நிறுத்தினால் ஊர் ஏசும், ஓட்டினால் வரியை ஏற்றவேண்டும், அதற்கும் ஊர் ஏசும். அதனால் யானைக் கட்சியில் ஒருவன்கூட அந்த இடத்துக்கு மனு போடவில்லை.

கழுதைப் பக்கத்தில் மாட்டு டாக்டர் ஹாலிஸ் நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். மே மாதக் கடைசி வெள்ளி மனு போடக் கடைசி நாள். அன்று மாலை நாலரைக்கு ரோவீனா போன் போட்டால், பின்னால் தண்ணீர் சலசலக்கிறது.

"ஹாலிஸ், எங்க இருக்கீங்க?"

"ஆத்துல. மீன் என்னமா கடிக்குது தெரியுமா!"

"மனு?"

"இன்னைக்கா அது? அடக் கடவுளே. திங்கக்கிழமை முதல் வேலையா போட்டுடறேன்."

ரோவீனா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சட்டத்தில் இன்னொரு சந்து இருந்தது. உள்தேர்தல் சீட்டில் வெற்றுக் கோடு ஒன்று உண்டு. அதில் இருபத்தைந்து பேர் ஒரே பெயரைக் கையால் எழுதி, அதுவே அதிகமாகவும் இருந்தால், அந்த ஆள் அந்தக் கட்சியின் வேட்பாளர். நாற்பது பேர் இருக்கும்போது இருபத்தைந்துக்குப் பஞ்சமா? பேருந்தை நிறுத்துகிற இடத்திலெல்லாம் நின்று ஒவ்வொருவருக்கும் போன் செய்தாள். "நானே நிக்கிறேன். என் பேரை எழுதுங்க." எல்லோரும் ஒரே குரலில், "இதச் சொல்லணுமா ரோவீனா!" என்றார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனாள். தன்னுடைய ஏப்ரல் கடிதத்தை. அந்த வருடம் பார்த்து, சரித்திரத்தில் முதல்முறையாக, அத்தனை பேரும் சொன்ன வாரத்திலேயே போய் யானையாக மாறியிருந்தார்கள். மே நடுவில் கதவை மூடிவிட்டால் ஆகஸ்ட் உள்தேர்தல் முடியும்வரை யாரும் கட்சி மாற முடியாது என்பது எங்கள் மாநிலச் சட்டம். சொந்தக் காசில் தபால்தலை ஒட்டி, தனக்குத்தானே சூனியம் வைத்துக்கொண்டாள் மகராசி.

உள்தேர்தல் முடிந்த மறுநாள் காலை தேர்தல் நடத்துகிற மாவட்ட எழுத்தர் ட்ரூடி கூப்பிட்டாள். இருவரும் பள்ளித் தோழிகள்.

"ரோவீனா, நிக்கிறியா உக்காந்திருக்கியா?"

"சொல்லித் தொலை."

"கழுதைச் சீட்டுல உனக்கு ரெண்டு ஓட்டு."

ஒன்று அவளுடையது. மற்றது, ஏப்ரலில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் கடிதம் கிடைக்காத ஒரே ஆளான திருமதி பீல் போட்டது. ஆம்புலன்ஸ் போயிற்று என்று ரோவீனா நினைத்தாள்.

"இரு, முடிக்கல. யானைச் சீட்டுல உனக்கு முப்பத்தொண்ணு. அடுத்தாப்ல டக்கெட் வீட்டுக் காளைமாட்டுக்குப் பத்தொம்பது. வாழ்த்துக்கள், நீதான் யானைக் கட்சி வேட்பாளர்."

"விளையாடாதடி!"

"நான் ஏன் விளையாடறேன்? மாட்டால கையெழுத்துப் போட முடியாது, உன்னால முடியும். அஞ்சு நாளைக்குள்ள வந்து யானைன்னு பதிஞ்சு ஒப்புக்கோ. இல்லேன்னா அந்த இடத்துக்கு அவங்க கட்சிக் கமிட்டி ஆளைப் போடும். யாரைப் போடுவாங்கன்னு உனக்கே தெரியும்."

தெரியும். ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் அவனவன் வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று பத்திரிகைக்கு எழுதுகிறவன் அவன்.

போர்வை தைப்போர் அவசரமாகக் கூடினார்கள். மக்ரோனி வந்தது.

"யானைச் சீட்டுல ஏன்யா எழுதினீங்க?" என்றாள் ரோவீனா.

ஹாலிஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்கதானே மாறச் சொன்னீங்க? நீங்கதானே பேரை எழுதச் சொன்னீங்க? ரெண்டையும் செஞ்சோம். ஒரு கட்சிக்கு இதுக்கு மேல என்ன கட்டுப்பாடு வேணும்?"

பிறகு கொள்கை பேசினார்கள். ஒரு மணி நேரம் பேசினார்கள். யானைப் பட்டியலில் தலைவியே ஏறினால் மானம் போய்விடும், நாலு வருடம் கழித்து முறையாகத் தயாராகி நிற்கலாம் என்று ஹாலிஸ் முடித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நாலு வருஷமா?" ரோவீனா எழுந்து நின்றாள். "என் வீட்டுக்காரன் நெஞ்சு நாலு வருஷம் காத்திருக்குமா? அந்த வண்டி நின்னா அடுத்த தடவை நான் அவனைப் பள்ளிக்கூட பஸ்ஸுல போட்டுக்கிட்டு எண்பது மைல் போகணும். மானம் உங்ககிட்டயே இருக்கட்டும். கதவுல இருக்கிற அட்டையப் பாத்தீங்களா? மானத்தப் பத்திப் பேச வந்துட்டாங்க!"

போய்க் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அழுதாள் என்று ட்ரூடி சொல்கிறாள். கட்சி அவளை ஒன்பதுக்கு ஒன்று என்று நீக்கியது. அந்த ஒன்று திருமதி பீல். பிறந்ததிலிருந்து யானைக்காரனான மெர்ல் வழக்கமாக இதை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பான். அன்று அவன் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தான்.

நவம்பர் வரைக்கும் வீடு வீடாக ஏறினாள். புதிதாகத் துண்டுப் பிரசுரம் அச்சடிக்கவில்லை. மிச்சமிருந்த பழைய தாள்களிலேயே கழுதைப் படத்தின் மேல் யானை வில்லையை ஒட்டினாள், ஒரு வரி மாற்றவில்லை. ஆம்புலன்ஸ், பள்ளிக்கு ஒரு நர்ஸ், கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை, அதே மூன்று விஷயம். லமார் டக்கெட் என்கிற பண்ணைக்காரர், அந்தக் காளைக்குச் சொந்தக்காரர், முன்பெல்லாம் அவள் கொடுத்த தாளை அவள் கண்ணெதிரிலேயே அடுப்பில் போடுகிறவர். இந்தத் தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார், ஆட்டுக்கறி வறுவல் வைத்தார், வேலியில் பலகை நடவும் இடம் காட்டினார்.

ஆயிரத்து முந்நூற்று ஆறு ஓட்டு வாங்கி ஜெயித்தாள். மாவட்டத்தில் அத்தனை ஓட்டு கழுதைக்கு எந்தக் காலத்திலும் விழுந்ததில்லை. ஜனவரியில் வாரியம் கூடியது. ரோவீனா கை தூக்கினாள். மூன்றுக்கு இரண்டு. ஆம்புலன்ஸ் ஓடும். பின்வரிசையில் மெர்ல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். கழுதைக் கட்சியிலிருந்து யாரும் வரவில்லை, அன்று அவர்களுக்குக் கடலுக்கு அப்பால் ஏதோ நாட்டுக்காக ஒரு தீர்மானம் இருந்தது.

கூட்டம் கலையும்போது லமார் டக்கெட் தொப்பியையும் அவள் கொடுத்த தாளையும் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"பதினாறு வருஷமா உனக்கு எப்ப அறிவு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன் ரோவீனா. அந்தக் கூட்டத்த விட்டு வெளிய வந்ததும் எவ்வளவு தெளிவாப் பேசுற பாரு. இந்த ஆம்புலன்ஸ் விஷயத்த முன்னாடியே இப்படிச் சொல்லியிருந்தா நாங்க கேட்டிருக்க மாட்டோமா?"

ரோவீனா அந்தத் தாளைப் பிடுங்கி, யானை வில்லையைச் சுரண்டி அடியில் இருக்கும் கழுதையைக் காட்டலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அடுத்த வருடம் வரியை ஏற்றும்போது இந்த மனிதருடைய தயவு மறுபடியும் வேண்டும்.

"ஆமா லமார்," என்றாள். "எனக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு."