மீன் மேல் போட்ட பழி: நாறும் ஏசியோடு ஜேடர்பாளையம் வரை

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஜேடர்பாளையம் போனது அணையைப் பார்க்க அல்ல. என் மச்சினன் சிவராசுவைச் சமாதானப்படுத்தி, என் மகளின் காது குத்துக்கு அழைக்க. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவனோ இரண்டு மாதமாக எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. காரணம், என் காரின் ஏசி நாற்றம்.

சிரிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு முன் என் காரை ஒரு நாள் வாங்கிப் போனவன், திருப்பிக் கொடுக்கும்போது அக்காவுக்குப் பிடிக்குமே என்று டிக்கியில் ஆற்று மீன் வைத்துக் கொண்டுவந்தான். அடுத்த வாரமே ஏசியைப் போட்டால், காயாமல் மடித்து வைத்த ஈரத்துண்டின் வாடை. ஒரு கல்யாணப் பந்தியில், சொந்தக்காரர்கள் காதுபட, "மாப்ள மீன் ஏத்துன வண்டிங்க, இனி மனுசன் ஏற முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவன் பாதி இலையில் எழுந்து போய்விட்டான்.

சேலத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் சர்வீஸ் சென்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு தடவை விட்டேன். தடவைக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். ஏசி வாய்க்குள் எதையோ பீய்ச்சி, எலுமிச்சை வாசனை டப்பா ஒன்றைத் தொங்கவிட்டு அனுப்பினார்கள். அதன்பிறகு நாற்றத்தோடு எலுமிச்சையும் சேர்ந்து அடித்தது. போய்க் கேட்டால், "நாமக்கல் பக்கம் போவீங்களா சார்? கோழிப்பண்ணை வாடை ஒட்டிக்கும்" என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோழிப்பண்ணை வாடை எது என்று எனக்கா தெரியாது? தப்பைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை, பழியைத் தூக்கிப் பாவம் கோழிகள் மேல் போடுகிறார்கள்!

காலை 7.20-க்குக் கொண்டலாம்பட்டியில் கிளம்பினோம். கண்ணாடியை ஏற்றினால் இந்த வாடை, இறக்கினால் லாரிப் புகை. ராசிபுரம் பிரிவு தாண்டுவதற்குள் மகள் இருமத் தொடங்கிவிட்டாள். 8.30-க்கு நாமக்கல். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். அதற்குள் பிள்ளைக்குக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. "எல்லாம் உன் தம்பி புண்ணியம்" என்றேன்.

பரமத்தி ரோட்டில் லாரி கேபின்களுக்கு ஏசி மாட்டும் பட்டறை ஒன்று திறந்திருந்தது. உரிமையாளர் பழனிசாமி, ஐம்பது வயதிருக்கும். அவர் எதையும் பீய்ச்சவில்லை. டேஷ்போர்டில் இடப்பக்கம், காகிதமெல்லாம் போட்டு வைக்கிறோமே, அந்தப் பெட்டியைக் கழற்றினார். பின்னாலிருந்து ஃபில்டரை உருவினார். கறுத்து ஊறிப்போயிருந்த அதன் மேல் அழுகிய மல்லிகை, வேப்பிலைக் காம்பு, ஒரு துண்டு வாழை நார்.

"ஏனுங்க, வண்டிக்குப் பூ வெக்கறது ஆருங்க?"

"நான்தானுங்க. வெள்ளிக்கெழம தவறாம."

"வைப்பருக்கு அடியில சொருகுவீங்களா?"

"ஆமாங்க."

"சனிக்கெழம தண்ணியடிச்சுக் கழுவுவீங்க?"

தலையாட்டினேன்.

"அப்பறமென்னங்க! கண்ணாடிக்குக் கீழ இருக்கற ஜாலி ஓட்டை வழியாத்தானுங்க ஏசிக்கு வெளிக்காத்து போவுது. பூவையும் தண்ணியையும் நீங்களே உள்ள தள்ளி உட்டிருக்கறீங்க. சாமிக்கு வெச்சதெல்லாம் ஃபில்டருக்குப் போயிருக்குதுங்க."

மனைவி சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது ஃபில்டர் 450, உள்ளே கழுவித் தண்ணீர்க் குழாய் அடைப்பு எடுத்ததற்கு 300. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க சர்வீஸ் சென்டரில் ஒருவருக்கும் கை வரவில்லை என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்கும்தான் வரவில்லை. எனக்கு வாய்தான் வந்தது, அதுவும் பந்தியில்.

பழைய ஃபில்டரைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டேன். 10.10-க்கு ஜேடர்பாளையம். சிவராசு வாசலில் உட்கார்ந்திருந்தான். கவரை அவனிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மீன் முள்ளு ஒண்ணுங்கூடக் காணமுங்களே மாமா."

"தப்பு என்னுதுதான் மாப்ள. காது குத்துப் பந்தியில எல்லாருக்கும் முன்னால நானே சொல்றேன்" என்றேன். அதற்குள் மகள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இதே தொல்லை உள்ளவர்களுக்கு: வாசனை டப்பா வாங்காதீர்கள். முதலில் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, அதை உங்கள் கண்ணால் பாருங்கள். பூவை வண்டிக்குள் சாமி படத்துக்கு வையுங்கள், வைப்பர் பக்கம் போகவே வேண்டாம். ஊர் சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்துவிடும். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

திரும்பும்போது நாற்றம் துளியும் இல்லை. மகள் இருமாமல் தூங்கினாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. கிளம்பும்போது, காது குத்தன்று காலையில் நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று சிவராசுவிடம் சொல்லியிருந்தேன்.

"புள்ளைக்கு மடி குடுக்கக் கண்டிப்பா வாரேனுங்க மாமா" என்றான். "உங்க வண்டி வேண்டாங்க. பஸ்ஸுல வந்துக்கறேன்."