மூன்று நாள் தடவல்

ஜஸ்டஸின் விசாவில் எழுதியிருந்த வேலை ஏசி டெக்னீஷியன். அல் ஐனில் அவரைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அவர்களுக்கு அவர் சுளுக்குத் தடவுகிறவர்.

இருபத்து நாலு வயது வரை முட்டத்தில் கடலுக்குப் போனவர். கரையை விட்டு ஆறு நாள், ஏழு நாள் தள்ளிப் போகிற விசைப்படகில் ஒருத்தனுக்குத் தோள் பிசகினால் டாக்டருக்கு எங்கே போவது? கைப்பக்குவம் உள்ளவன்தான் டாக்டர். ஜஸ்டஸுக்கு அது வாய்த்திருந்தது. வளைகுடாவுக்கு வந்தபிறகும் விடவில்லை. கம்ப்ரஸரைத் தூக்கி மாடிக்கு ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள், ஃபோர்க்லிஃப்ட்டில் கழுத்துப் பிடித்தவர்கள் என்று ஆள் வந்துகொண்டே இருந்தது. அவரோடு வேனில் போகிற ராமநாதபுரத்துச் சேதுராமன் எல்லாரிடமும் சொல்வான்:

"அண்ணே கையில எக்ஸ்ரே மெசினுல்ல இருக்கு. என்ன, பிலிம்தான் வராது."

ஜஸ்டஸ் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அதை நம்பவும் செய்தார்.

மனைவி சுகிர்தராணி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எலும்பு வார்டு நர்ஸ். கணவனின் வைத்தியத்தைக் கண்டும் காணாமல் விட்டிருந்தாள். ஒரே ஒரு கட்டளைதான்.

"இடுப்பு, பிடரி, கெண்டைக்கால் எல்லாம் என்னமோ செய்யுங்க. மூட்டுல மட்டும் கை வைக்கப்பிடாது. மூட்டுக்கு உள்ள என்ன கெடக்குன்னு உங்க கைக்குத் தெரியாது."

"எனக்க கைக்குத் தெரியாததா?"

"தெரியாது. எனக்கே தெரியாது. ஸ்கேனுக்குத்தான் தெரியும்."

அவர்களுக்கு ஒரே மகன், ஜெப்ரின். அல் ஐனிலேயே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் ஆஸ்திரேலிய வாத்தியார்கள் சிலர் சனிக்கிழமைகளில் தங்கள் ஊர் ஃபுட்பாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பன்னிரண்டு வயதில் அங்கே போய் ஒட்டிக்கொண்டவன் பிறகு பிரியவேயில்லை. முதல்முறை பார்த்தபோது ஜஸ்டஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்து உருண்டையாக இல்லை, முட்டை போல இருந்தது. காலால் உதைக்கலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடலாம், குத்தித் தள்ளலாம். கோல் கம்பம் நான்கு. ஆனால் ஒன்று மட்டும் பிடித்துப்போனது. தூரத்திலிருந்து உதைத்த பந்து வானத்திலிருந்து இறங்கும்போது ஒருவன் எழும்பி, சமயத்தில் மற்றவன் தோளிலேயே முட்டியை ஊன்றி, அதை அந்தரத்தில் பிடிக்கிறான். அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவனை அதன்பிறகு யாரும் தொடக்கூடாது. நின்று நிதானமாக உதைக்கலாம்.

ஜெப்ரின் அதில்தான் கெட்டிக்காரன். மெலிந்த உடம்பு, அயிரைமீன் துள்ளுகிற மாதிரி துள்ளல்.

பதினேழு முடிந்ததும் கிளப்பின் பெரியவர்கள் அணியோடு பயிற்சிக்குச் சேர்த்தார்கள். அதுவரை பையன்களோடு ஆடியவன், இப்போது முப்பது வயதுக் கட்டிட இன்ஜினியர்களோடும் விமானப் பயிற்சியாளர்களோடும் மோத வேண்டியிருந்தது. முதல் மூன்று மாதம் அவனைத் தூக்கி எறிந்தார்கள். பந்து வருமுன்பே இடுப்பால் தட்டி நகர்த்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்து விலாவைப் பிடித்துக்கொண்டு சோறு தின்பான். கோச் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், நெட்டையான மனிதர். "நீ எழும்புவது எனக்குத் தெரியும். எழும்புவதற்கு முன்னால் நிற்கப் பழகு" என்றார். பையன் நிற்கப் பழகினான். அதற்குள் ஜஸ்டஸும் கிளப்பில் ஓர் ஆளாகிவிட்டார். மகனைக் கூட்டிக்கொண்டு போனவர் சும்மா இருக்கவில்லை. கெண்டைக்கால் பிடித்துக் கிடந்த ஒருவனை இரண்டு நிமிடத்தில் எழுப்பி நிறுத்தினார். அன்றிலிருந்து தண்ணீர் பாட்டிலும் தைலக்குப்பியுமாக அவருக்கு எல்லைக்கோட்டு ஓரத்தில் ஓரிடம். "ஜஸ்! ஜஸ்!" என்று வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஒரு வியாழக்கிழமை சுகிர்தராணி டியூட்டியில் இருந்தபோது மகனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'மம்மி, நான் எமர்ஜென்சி!!!'

மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்டுக்குக்கூட நிற்காமல் இறங்கினாள். எமர்ஜென்சி வார்டில் ஒவ்வொரு கட்டிலாகத் திரையை விலக்கிப் பார்த்தாள். ஒன்பதாவது திரைக்குள் ஒரு பாகிஸ்தானி டிரைவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். பிறகுதான் போனைப் போட்டாள்.

"மக்ளே, எந்தக் கட்டில்ல கெடக்க?"

"கட்டிலா? நான் வீட்ல பரோட்டா சாப்பிடுறேன் மம்மி. டீம் லிஸ்ட்ல எமர்ஜென்சி! யாராவது வரலேன்னா நான் இறங்கணும்."

அந்த ஆட்டத்தில் மாற்றாள் பட்டியலுக்குப் பெயரே எமர்ஜென்சிதான். சுகிர்தராணி அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். அதன்பிறகு வீட்டில் அது ஒரு கேலி. அடுத்தடுத்து மூன்று வாரம் அவன் எமர்ஜென்சி. மூன்று வாரமும் எல்லாரும் வந்துவிட்டார்கள், இவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "எனக்க மவன் நிரந்தர எமர்ஜென்சி" என்று ஜஸ்டஸ் சொன்னால், "பரவாயில்ல மக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று அவள் அவன் தலையைத் தடவிவிடுவாள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில், தொடங்கும் முன்பே கோச் ஜெப்ரினைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை உன் முதல் ஆட்டம். எமர்ஜென்சி இல்லை, பதினெட்டு பேரில் ஒருவன்.

சந்தோஷத்தில் அன்று அவன் எழும்ப வேண்டாத பந்துக்கெல்லாம் எழும்பினான். கடைசிப் பந்துக்கு எழும்பி இறங்கும்போது வலது முழங்கால் உள்பக்கமாக ஒரு மடங்கு மடங்கியது. யாரும் கவனிக்கவில்லை. நொண்டாமல் நடந்து வந்து காரில் ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் சொன்னான்.

"டாடி, இன்னைக்கு ஷோல்டருக்குத் தைலம் வேண்டாம். இங்க பாருங்க."

ஜஸ்டஸ் கார் லைட்டைப் போட்டுத் தொட்டுப் பார்த்தார். முட்டியின் உள்ளோரம் லேசாக வீங்கியிருந்தது. குதிகாலை ஒரு கையிலும் தொடையை ஒரு கையிலும் பிடித்து மெல்ல அசைத்தார். அப்போது உள்ளே ஓர் இளக்கம் தெரிந்தது. கடலில் எத்தனையோ முட்டிகளைப் பிடித்த கை அது. இப்படி ஓர் இளக்கம் இருக்கக்கூடாது என்று அதற்குத் தெரிந்தது.

"வலிக்கா?"

"கொஞ்சம்தான்."

"கோச்சுகிட்ட சொன்னியா?"

"சொன்னா எடுத்துருவாங்க டாடி. வலி இருந்தா சொல்லணும், அது ரூல். சொன்னா ஸ்கேன், அப்புறம் ரெண்டு வாரம். சீசன்ல நாலு மேட்ச்தான் பாக்கி."

ஜஸ்டஸ் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார். மூன்று வாரமாக மகன் பெஞ்சில் முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் நின்றது.

"சின்ன பெரட்டல்தான். மூணு நாள் இருக்கு, நான் எடுத்துருவேன்" என்றார். "அம்மைக்கிட்ட சொல்லண்டாம்."

மூன்று நாளும் தடவினார். சுகிர்தராணிக்கு அந்த வாரம் பகல் டியூட்டி. கம்பெனியில் மதியம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். தைலத்தைச் சூடாக்கி, மேலிருந்து கீழே, முட்டியைச் சுற்றி, பெருவிரலால் அழுத்தி இழுப்பார். பிறகு துணியால் இறுக்கிக் கட்டுவார். அவள் வருமுன் ஜன்னலைத் திறந்து வாசனையைப் போக்கிவிடுவார்கள். வியாழக்கிழமை வீக்கம் வடிந்திருந்தது. கீழே பார்க்கிங்கில் ஜெப்ரின் நாலு தடவை எழும்பிக் காட்டினான்.

"எப்பிடி?"

"சூப்பர் டாடி. உங்க கை இருக்கே!"

ஜஸ்டஸ் அந்த இளக்கம் போயிற்றா என்று மறுபடி அசைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். சுகிர்தராணி டியூட்டி மாற்றிக்கொள்ள எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. ஆறு மணிக்கு முடிந்ததும் டாக்ஸி பிடித்து வருவதாகச் சொல்லி, மகனின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல்முறை இறங்குகிறவனுக்கு அவனுடைய ஜெர்சியை வீட்டு ஆள் ஒருவர்தான் எல்லார் முன்னாலும் கொடுக்க வேண்டும். இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும். உடைமாற்றும் அறையில் பதினேழு பேர் தோளோடு தோள் கோத்து வட்டமாக நின்றார்கள். நடுவில் அப்பனும் மகனும். கையில்லாத பச்சை ஜெர்சி, முதுகில் முப்பத்தொன்று. வேனில் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் எல்லாம் ஜஸ்டஸுக்கு மறந்துபோனது.

"திஸ் இஸ் மை சன்," என்றார். "குட் பாய். ப்ளீஸ் டேக் கேர்."

அறையே அதிர்ந்தது. கோச் ஜஸ்டஸைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார்.

முதல் பகுதியில் ஜெப்ரின் இரண்டு மார்க் பிடித்தான். இரண்டாவது பிடி, தன்னைவிட ஒரு சாண் உயரமான ஒருவனின் தலைக்கு மேலே. எதிரணிக்காரர்களே கை தட்டினார்கள். நின்று, நிதானமாக மூச்சு விட்டு, நடுக்கம்பங்களுக்கு இடையே பந்தை அனுப்பினான். முதல் ஆட்டத்தில் முதல் கோல் என்றால் மொத்த அணியும் ஓடிவந்து மேலே விழும். விழுந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து அவன் கை மட்டும் வெளியே வந்து எல்லைக்கோட்டுப் பக்கம் அப்பனைத் தேடி ஆடியது. ஜஸ்டஸ் தண்ணீர் பாட்டிலை ஆட்டினார்.

இரண்டாம் பகுதி தொடங்கி ஆறு நிமிடம். உயரமான ஒரு பந்து. பக்கத்தில் ஒருவருமில்லை. தனியாக எழும்பி, பிடித்து, இறங்கினான். இறங்கிய கால் அவனைத் தாங்கவில்லை. முட்டி ஒருபக்கம், பாதம் ஒருபக்கம். காய்ந்த மட்டையை முறிக்கிற சத்தம் எல்லைக்கோடு வரைக்கும் கேட்டது. பந்தை விடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே கத்தினான்.

ஜஸ்டஸ்தான் முதலில் ஓடினார். பக்கத்தில் போய் மண்டியிட்டுக் கையை நீட்டினார். முட்டியின் மேல் அந்தரத்தில் கை நின்றுவிட்டது. தொடவில்லை.

காரின் பின்சீட்டில் காலை நீட்டிப் படுக்கவைத்து, கோச் வண்டியை ஓட்டினார். ஜஸ்டஸ் மனைவிக்கு இரண்டு தடவை போன் போட்டார். டியூட்டியில் போன் சைலண்டில் இருக்கும். இங்கிலீஷில் ஒரே வரி எழுதி அனுப்பினார். 'ஜெப்ரின் எமர்ஜென்சி.'

சிக்னலில் நிற்கும்போது பதில் வந்தது. 'அச்சோ. இன்னைக்கும் இறக்கலியா? பரவாயில்ல மக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு சொல்லுங்க.' பக்கத்தில் ஒரு முத்தப் பொம்மை.

ஜஸ்டஸ் போனைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். கடைசியில் கோச்தான் வார்டு நம்பருக்குப் போன் செய்து சொன்னார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், முட்டிக்குள் எலும்புகளைக் கட்டி நிறுத்துகிற நடு நார் முழுக்க அறுந்துவிட்டது என்றார். ஆபரேஷன் செய்ய வேண்டும். ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ ஆகும். பிறகு திரையில் வேறொரு இடத்தைக் காட்டினார். உள்ளோரத்துக் காயம் இன்றைக்குப் பட்டதல்ல, சில நாள் பழையது. முன்னாடி ஏதாவது அடிபட்டதா என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்," என்றான் ஜெப்ரின். "இன்னைக்குத்தான். முதல்முறை."

சுகிர்தராணி திரையைப் பார்த்தாள். பதினாறு வருஷம் எலும்பு வார்டில் இருந்தவள். பிறகு மகனின் காலருகே குனிந்து முட்டியை முகர்ந்தாள். நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். டாக்டரிடம் திரும்பி, ஆபரேஷன் எந்தத் தேதி என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபிறகுதான் கேட்டாள்.

"கையில தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது?"

"இளக்கம்."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு வாரம்" என்றாள். "வெறும் ரெண்டு வாரம்." அதற்கு மேல் அவள் சண்டை போடவேயில்லை. சண்டை போட்டிருந்தால் ஜஸ்டஸுக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆபரேஷன் நடந்தது. ஒன்பது மாதம் பையன் சொன்னதையெல்லாம் செய்தான். அடுத்த சீசனில் பயிற்சிக்குப் போனான். ஓடினான், உதைத்தான். பந்து உயரமாக வந்தபோது மட்டும் கால் தரையை விடவில்லை. கோச் பொறுமையாக எட்டு வாரம் பார்த்தார். ஒருநாள் ஜெப்ரினே அவரிடம் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தான். கிளப்பின் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக ஒரு ஆட்டம், ஒரு கோல் என்று இருக்கிறது.

இப்போது அவன் அபுதாபியில் ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். வாரக் கடைசியில் வருவான். ஒரு சனிக்கிழமை பகலில் இருவரும் மீன் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது, மைதானத்தைத் தாண்டியதும் ஜஸ்டஸ் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நீ ஏன்லே அன்னைக்கு டாக்டர்கிட்ட அப்படிச் சொன்ன?"

ஜெப்ரின் மீன் பையைக் காலடியில் நகர்த்தி வைத்தான். "சொன்னா என்ன ஆகப்போகுது டாடி? எனக்கும் ஆடணும்னு இருந்துச்சு. நானும்தானே மறைச்சேன்."

"நீ பிள்ளை. உனக்கு வயசு பதினெட்டு." ஜஸ்டஸ் எதிரே இருந்த ரோட்டைப் பார்த்துச் சொன்னார். "எனக்குத் தெரிஞ்சிருந்துலே. உன்ன நிறுத்தியிருக்கணும் நான்."

இல்ல டாடி, அப்படி நினைக்காதீங்க என்று அவன் சொல்வான் என்று அவர் காத்திருந்தார். ஒன்றரை வருஷமாக அவன் எதற்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெப்ரின் தலையைத் திருப்பி, தாண்டிவந்த மைதானத்தைப் பார்த்தான்.

"ஆமா டாடி," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் கை வைத்தான். ஜஸ்டஸ் வண்டியை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு ஜெப்ரின் இறங்கி, லேசாகச் சாய்ந்த நடையோடு வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"நீங்க அங்கோடி உக்காருங்க. நான் ஓட்டுறேன்."